நெஞ்சுவலி என்றுதான் சொன்னோம்

இருங்காட்டுக்கோட்டை
8.2.2024

அன்பு அண்ணிக்கு,

ரஞ்சனி எழுதுகிறேன். மலையில் குளிர் விட்டதா? முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா? அண்ணனுக்கு இருமல் நின்றதா? இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம்தான்.

பொங்கலுக்கு வருகிறோம் என்று சொல்லி உங்களை அரிசி ஊறப்போட வைத்துவிட்டு வராமல் போனோம். கோபமாக இருப்பீர்கள். உங்கள் தம்பிக்குக் கம்பெனியில் லீவு தரவில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், அதனால் இவருக்கு ஓ.டி. மேல் ஓ.டி. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் ஹாஸ்டல் வார்டன் போனுக்கு உங்கள் தம்பி கூப்பிடாததும் அதனால்தான். வந்ததும் படுத்துவிடுகிறார்.

அறிவுமதி ஐந்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள். நீங்கள் கொடுத்த பாவாடை இப்போதே கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. ஒயர் கட்டுகிற என் கம்பெனியில் என்னைச் செக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். நின்றுகொண்டே செய்கிற வேலைதான், ஆனால் விரல் புண்ணாவதில்லை.

அவருக்குக் கொஞ்ச நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் குமட்டுகிறது. கேஸ் என்கிறார். நீங்கள் ஒரு பொடி இடிப்பீர்களே, அதன் பக்குவத்தை எழுதி அனுப்புங்கள்.

பதிலைக் கீழே உள்ள சரோஜா அக்கா விலாசத்துக்குப் போடுங்கள். பக்கத்து வீடு, என்னோடு ஒரே பஸ்ஸில் வேலைக்கு வருபவர். எங்கள் வீட்டுக்குத் தபால் சரியாக வருவதில்லை.

அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.
ரஞ்சனி


ஜவ்வாது மலை
26.2.2024

ரஞ்சனிக்கு,

மஞ்சுளா அண்ணி எழுதறேன். ஹாஸ்டல் புள்ளைங்களுக்கு சோறு வடிச்சிட்டு உக்காந்து எழுதறேன், கையெழுத்தைப் பாத்து சிரிக்காத. குளிர் போயிடுச்சு, கால் வலி போகல. உங்க அண்ணன் இருமிக்கினேதான் பள்ளிக்கூடத்து கேட்டைத் தொறந்து மூடறாரு. சொன்னா கேக்கற மனுஷனா அவரு?

பொடி பக்குவம் கேட்டிருந்த. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கறேன். பக்கத்து வூட்டுக்கு ஒழுங்கா வர்ற தபால்காரருக்கு உன் வூடு மட்டும் தெரியலையா? எந்தம்பி குடிக்கிறானா? எவ்வளவு குடிக்கிறான்?

குடிக்கறவன் எல்லாம் கெட்டவன்னு நான் சொல்லல. உங்க அண்ணனே பண்டிகைன்னா ரெண்டு கிளாஸ் ஊத்திக்குவாரு. கறிச்சோறு தின்னுட்டு படுத்துடுவாரு. மறுநாள் அந்தப் பேச்சே இருக்காது. உன் வூட்லயும் அப்படித்தான்னா சொல்லு, நான் வாயை மூடிக்கறேன். அப்படி இல்லன்னா அதையும் சொல்லு.

அவனைத் தூக்கி வளத்தவ நான். என்கிட்ட உனக்கு இன்னா வெக்கம்?

இங்க செல்லுக்கு டவர் இல்ல, வார்டனாண்ட இருக்கற லைன் போன்ல இதெல்லாம் பேச முடியாது, வாரத்துல ரெண்டு நாளுதான் தபால் மலை ஏறும். அதனால சுத்தி வளைக்காம எழுது. நேரத்துக்கு சாப்புடு. கொழந்தைக்கு என் முத்தம்.

மஞ்சுளா


இருங்காட்டுக்கோட்டை
11.3.2024

அன்பு அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கம்பெனி பஸ்ஸில் வைத்தே படித்தேன். கால் வலிக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள். நாங்கள் சுகம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம், குடிக்கிறார். சனிக்கிழமை மட்டும்தான். ஒரு குவாட்டர். வீட்டில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு. அவரே வகுத்துக்கொண்ட அளவு இது. "அளவோட இருந்தா இன்னா தப்பு ரஞ்சனி, நாள் முழுக்க வண்டி ஓட்டற உடம்பு" என்கிறார். ரோட்டில் விழுந்து கிடக்கிற ஆள் இல்லை. என்னை ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. குழந்தையின் நோட்டுப் புத்தகத்துக்கெல்லாம் அவர்தான் அட்டை போட்டுக் கொடுத்தார்.

ஒரே ரூம் அண்ணி. போனில் பேசினால் எல்லாம் அவர் காதில் விழும். உங்களிடம் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தால் சங்கடப்படுவார். அதனால்தான் சரோஜா அக்கா விலாசம், வேறு ஒன்றுமில்லை.

பயப்படும்படி எதுவும் இல்லை. அண்ணனிடம் சொல்ல வேண்டாம்.

ரஞ்சனி


இருங்காட்டுக்கோட்டை
3.4.2024

அண்ணிக்கு,

நலம் விசாரிக்காமல் ஆரம்பிப்பதற்கு மன்னியுங்கள். உங்களிடமிருந்து பதில் வரவில்லை. நான் எழுதியதை நீங்கள் நம்பவில்லை என்று நினைக்கிறேன். சனிக்கிழமை மட்டும் என்பது பொய்.

காலையில் எழுந்ததும் அவரால் டீ டம்ளரைப் பிடிக்க முடியாது. கை அப்படி நடுங்கும். பாத்ரூமுக்குப் போய்விட்டு வருவார், நடுக்கம் நின்றிருக்கும். பக்கெட்டுக்குப் பின்னால் பாட்டில் இருப்பது எனக்கு ஒரு வருஷமாகத் தெரியும். தரையைத் தேய்க்கும்போது அதை நகர்த்திவைப்பேன். தேய்த்து முடித்ததும் அதே இடத்தில் திரும்ப வைத்துவிடுவேன். நான் அதைப் பார்த்ததாக அவருக்குக் காட்டிக்கொண்டதில்லை. அவரும் மறைத்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

போன புதன்கிழமை கம்பெனியில் வண்டியை ரேக்கில் மோதிவிட்டார். மேலே இருந்த பெட்டிகள் சரிந்தன. கீழே நின்று எண்ணிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் டில்லிபாபு ஒரு எட்டு பின்னால் வைத்ததால் பிழைத்தார். இவரை மிஷினில் ஊதச் சொன்னார்கள். காலை பத்து மணிக்கு, அண்ணி. வண்டியைப் பிடுங்கிக்கொண்டு பேக்கிங்கில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

டில்லிபாபு வீட்டுக்கே வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். "வேலையை வுட்டு அனுப்பணும்னு மேல சொல்றாங்கம்மா. நான் ரெண்டு மாசம் டைம் கேட்டுகினு வந்திருக்கேன். ட்ரீட்மெண்டுக்கு இட்டுகினு போ" என்றார்.

இதையெல்லாம்விட ஒன்று. அவர் எழுந்திருக்க முடியாத நாட்களில் சூப்பர்வைசருக்கு நான்தான் போன் செய்து ஜுரம் என்று சொல்லுவேன். திங்கட்கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அறிவுமதி எடுத்தாள். "அப்பாவுக்கு ஜுரம் சார், மாத்திரை போட்டுட்டு தூங்கறாரு" என்றாள். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. போனை வைத்துவிட்டு, பாடம் ஒப்பித்தவள் மாதிரி என்னைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

என்ன செய்வதென்று எழுதுங்கள்.

ரஞ்சனி


ஜவ்வாது மலை
14.4.2024

ரஞ்சனிக்கு,

வருஷப் பொறப்பு அன்னிக்கு எழுதறேன். எல்லாரும் நல்லா இருக்கணும். உங்க அண்ணன் சளி மருந்து வாங்க கீழ போறாரு, அவரு கையில குடுத்து அனுப்பறேன், சீக்கிரம் வந்து சேரும்.

உன் முதல் லெட்டரு வந்தப்பவே எனக்குத் தெரியும். ரெண்டாவதுக்கு பதில் போட கை வரல.

ட்ரீட்மெண்டுன்னு அலஞ்சா ஊருக்கெல்லாம் தெரிஞ்சு பூடும். நான் சொல்றதைச் செய். நம்ம ஊரு அம்மன் கோயிலுக்கு அவனை இட்டுகினு போ. இதுல வெச்சிருக்கற கயித்தை கையில கட்டு. கொழந்தை தலை மேல கை வெச்சு சத்தியம் பண்ணச் சொல்லு. அன்னியிலேருந்து ஒரு சொட்டு கூடாது. நடுங்கினா நடுங்கட்டும். கெஞ்சுவான், அழுவான், நீ மனசு எளகிடாத. மூணு நாள் தாண்டிட்டா போதும்.

அவனுக்கு என் மேல பயம் உண்டு. அக்கா சொல்லிச்சுன்னு சொல்லு.

மஞ்சுளா


காஞ்சிபுரம்
12.5.2024

அன்பு அண்ணிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: அவர் உயிரோடு இருக்கிறார், நன்றாக இருக்கிறார், இன்று இட்லி சாப்பிட்டார். மீதியைப் பதறாமல் படியுங்கள்.

போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளியன்று கயிறு கட்டினோம். மறுபேச்சில்லாமல் கையை நீட்டினார். அறிவுமதி தலையில் கைவைத்தபோது அழுதார். வீட்டுக்கு வந்து அவரே பாட்டிலைக் கொண்டுபோய்க் கவிழ்த்தார். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

சனிக்கிழமை வேர்த்துக் கொட்டியது. தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. "கொஞ்சம் குடு, மருந்து மாதிரி ஒரு மூடி குடு" என்று கேட்டார். நான் கொடுக்கவில்லை. ஞாயிறு காலையில் சுவரில் எறும்பு ஏறுகிறது என்று துண்டால் அடிக்க ஆரம்பித்தார். சுவரில் ஒன்றும் இல்லை. பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டு ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கையைத் திருப்பினார். குழந்தையைப் பார்த்து, "நகரு, நகரு, பெட்டி சரியுது" என்று கத்தினார். அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அப்புறம் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார், வாயெல்லாம் ரத்தம். சரோஜா அக்காதான் 108-க்குப் போன் போட்டார். நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு சாமியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு பெண் டாக்டர், என்னைவிடச் சின்னவர். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கயிற்றைப் பார்த்தும் அவர் கேலி செய்யவில்லை. "குடிக்காம இருந்தா கை நடுங்குது, குடிச்சா நிக்குதுன்னா அது வெறும் பழக்கம் இல்லம்மா, வியாதி. இந்த அளவுக்கு வந்தவங்க வீட்ல வெச்சு திடீர்னு நிறுத்தவே கூடாது. உயிருக்கே ஆபத்து. இங்க வந்தா மருந்து குடுத்து, பக்கத்துல இருந்து, கொஞ்சம் கொஞ்சமா இறக்கிவிடுவோம்" என்றார். ஒன்று கேட்டேன். எங்கள் அண்ணன் இரண்டு கிளாஸோடு நிறுத்திவிடுகிறாரே, இவரால் ஏன் முடியவில்லை என்று. "அவரால நிறுத்த முடியுது, அதனால அளவு சரி. இவர் அளவு வெச்சுப் பாத்தாரே, நின்னுச்சா? இவருக்கு இனிமே ஒரு கிளாஸும் வேணாம், அது தண்டனை இல்ல, பாதுகாப்பு" என்றார்.

அண்ணி, நீங்கள் நல்லதுக்குத்தான் சொன்னீர்கள். கயிறு கட்டியது என் கை. இதைப் போட்டு மனசைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வலிப்பு வந்ததுண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். மாமனார் குடிப்பார், ஆனால் நெஞ்சுவலியில் போனார் என்று சொன்னேன். சரிதானே?

ரஞ்சனி


இருங்காட்டுக்கோட்டை
24.6.2024

அன்பு அண்ணிக்கு,

ஆறு வாரமாகிவிட்டது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? வார்டன் போனுக்கு மூன்று ஞாயிறு கூப்பிட்டேன். சமையலில் கைவேலையாக இருக்கிறார்கள் என்று மூன்று முறையும் சொன்னார்கள். கோபமா?

இனி எங்கள் விலாசத்துக்கே எழுதலாம். அவருக்கு எல்லாம் தெரியும். "அக்காகிட்ட சொல்லிட்டியா, நல்லதாப் போச்சு" என்றார். அவ்வளவுதான். அதற்கு நான் ஒரு வருஷம் பயந்தேன்.

மாத்திரை சாப்பிடுகிறார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை காஞ்சிபுரம் போய்க் காட்டுகிறோம். வண்டி இன்னும் தரவில்லை, பேக்கிங்கில்தான் இருக்கிறார். ஞாயிறு சாயங்காலம் தண்டலத்தில் ஒரு சர்ச் பக்கத்து ஹாலில், குடியை விட்டவர்கள் கூடுகிறார்கள். டில்லிபாபுதான் முதல் நாள் அழைத்துப் போனார். அவர் விட்டு ஒன்பது வருஷமாகிறதாம். ரேக்கின் கீழே நின்றவர் ஏன் சத்தம் போடவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

எங்களைப் போன்ற வீட்டு ஆட்களுக்குப் பக்கத்து அறையில் தனியாக ஒரு கூட்டம். நான் முதல் இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. லூர்தம்மாள் என்று ஒரு அம்மா, மகனுக்காக வருபவர். "அவனுக்காக பொய் சொல்றத நிறுத்தின அன்னிக்குத்தான் நான் நிம்மதியா மூச்சு வுட்டேன்" என்றார். நான் மூன்றாவது வாரம் பாட்டிலை நகர்த்தித் தரை தேய்த்த கதையைச் சொன்னேன். எதிரே இருந்த இரண்டு பேர், நாங்களும் அப்படித்தான் என்றார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் பாத்ரூமில் ஐந்து நிமிஷம் அதிகமாக இருந்தால் இன்னும் நான் கதவில் காதை வைத்து நிற்கிறேன்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.
ரஞ்சனி


ஜவ்வாது மலை
9.7.2024

ரஞ்சனிக்கு,

உடம்புக்கு ஒண்ணும் இல்ல. கோவமும் இல்ல. உன் மேல கோவப்பட எனக்கு இன்னா யோக்கியதை கீது?

டாக்டருகிட்ட நீ சொன்னது சரியில்ல. எங்கப்பா நெஞ்சுவலியில போகல. நெஞ்சுவலின்னு நாங்கதான் சொன்னோம்.

எனக்கு அப்போ இருபது வயசு, கல்யாணம் நிச்சயம் ஆயிருந்துச்சு. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க முன்னாடி அசிங்கமா பூடும்னு அம்மா அழுதுச்சு. அப்பா தானா எழுந்து போயி கோயில்ல கயிறு கட்டிக்கினு வந்தாரு. பொண்ணு தாலி ஏறும்போது தெளிவா நிப்பேன்னு சொன்னாரு. மூணாவது நாள் உன் வூட்ல நடந்தது அப்படியே நடந்துச்சு. எறும்பு எறும்புன்னு கத்தினாரு. பேய் புடிச்சுகிச்சுன்னு சித்தப்பனுங்க கயித்தால கட்டிப் போட்டாங்க. மந்திரிக்க ஆள் கூட்டிக்கினு வர போனாங்க. தம்பி பயந்துடுவான்னு அவனை மாமன் வூட்டுக்கு அனுப்பிட்டோம்.

என்னை கதவாண்ட காவலுக்கு நிக்க வெச்சாங்க. அப்பா என்னைப் பாத்து, "மஞ்சு, கட்டை அவுத்து வுடும்மா, ஆஸ்பத்திரிக்கு போறேன்"னு கேட்டாரு. குடிக்கறதுக்கு சாக்கு சொல்றாருன்னு நெனச்சேன். கதவை சாத்தி தாப்பா போட்டுட்டேன். மந்திரிக்கறவன் வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

சாமி குத்தம்னு வெளிய தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்னு, நெஞ்சுவலின்னு சொன்னோம். தம்பிக்கும் அதையே சொன்னோம். உங்க அண்ணனுக்கு இன்னிய வரைக்கும் தெரியாது.

மூணு நாள்னு உனக்கு எழுதறப்போ என் கை நின்னுச்சு. ஆனாலும் எழுதினேன். அப்பாவுக்கு வந்தது சாமி கோவம், தம்பிக்கு அப்படி வராதுன்னு நம்பினேன். குடியை நிறுத்தறதாலயே வர்றதுன்னு நீ எழுதின பிற்பாடுதான் தெரிஞ்சுது. ஆஸ்பத்திரின்னு அவரே சொன்னாரு ரஞ்சனி. அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

இதை சரோஜா விலாசத்துக்கேதான் போடறேன், அவன்கிட்ட சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். எனக்கு தைரியம் இல்ல.

மஞ்சுளா


காஞ்சிபுரம்
2.9.2024

அன்பு அண்ணிக்கு,

இவ்வளவு நாள் பதில் போடாமல் உங்களைத் தவிக்கவிட்டேன். உங்கள் கடிதம் என் சாப்பாட்டுப் பையிலேயே இருந்தது. கம்பெனிக்குப் போகும், வரும். அவரிடம் காட்டவும் முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை. உங்களுக்கு எழுதவும் ஒரு வார்த்தை வாய்க்கவில்லை. தூங்குகிறீர்களா? சாப்பிடுகிறீர்களா?

இங்கே நடந்தது. ஆடி மாசக் கடைசியில் கூட வேலை செய்பவர் வீட்டில் காதுகுத்து. ஒரே ஒரு பீர் என்று ஆரம்பித்தார். ஒன்பது நாள் நிற்கவில்லை. நான் அழுதேன், கத்தினேன். ஆனால் கம்பெனிக்குப் போன் செய்யவில்லை. போன் அடித்தது, நான் எடுக்கவில்லை, குழந்தையையும் எடுக்கவிடவில்லை. கடைசியில் அவரே எடுத்து, "குடிச்சிட்டேன் சார்" என்றார். டில்லிபாபு என்ன சொன்னாரோ தெரியாது. போனை வைத்துவிட்டுச் சட்டை மாட்டினார். "ஆஸ்பத்திரிக்கு போறேன். நானா நிறுத்தினா மறுபடியும் இழுத்துக்கும்" என்றார். பஸ் ஏறித் தனியாகவே போனார். வாசல்வரை வந்தேன். ஆனாலும் நான் கூடப் போகவில்லை. அன்றைக்கு வேலைக்குப் போனேன்.

சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் திட்டவில்லை. திரும்பக் குடிப்பது நிறையப் பேருக்கு நடப்பதுதான், திரும்பி வந்தீர்களே, அதுதான் முக்கியம் என்றாராம்.

ஐந்தாம் நாள் பார்க்கப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "எங்கப்பா என்னை வுட ஜாஸ்தி குடிச்சவரு. அவருக்கு இந்தக் கேவலம் எல்லாம் வரல. கடைசி வரைக்கும் திடமா இருந்து மாரடைப்புல போனாரு. நான்தான் ஒண்ணத்துக்கும் ஆவாதவன்" என்றார்.

அதைக் கேட்டபிறகு எப்படிப் பேசாமல் இருப்பது? பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு தடவை படித்தார். நர்ஸிடம் பேனாவும் பேப்பரும் கேட்டார். மறுநாள் கவரை ஒட்டி என் கையில் தந்தார். நான் பிரித்துப் பார்க்கவில்லை. இதனுடன் வைத்திருக்கிறேன். நீங்கள் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

ரஞ்சனி


ஆஸ்பத்திரி
31.8.2024

அக்கா,

புருஷு எழுதறேன். லெட்டர் எழுதி எத்தினி வருஷம் ஆச்சு. மாமா எப்படிகீறாரு? உன் கால் வலி பத்தி ரஞ்சனி சொல்லிச்சு. எனக்கு இப்போ பரவால்ல. சோறு இறங்குது.

உன் லெட்டரைப் படிச்சேன். நீ கதவை சாத்தினதுக்கு நான் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன். உனக்கு இருபது வயசு. பெரிய ஆளுங்க அத்தினி பேரு இருந்தாங்க. அவங்களுக்கே தெரியல, உனக்கு எப்படித் தெரியும்? ஆனா ஒண்ணும் இல்லாத மாதிரி எழுத என்னால முடியல. நேத்து பூரா உன் மேல கோவமா இருந்துச்சு. அதையும் சொல்லிடறேன். இத்தினி வருஷத்துல ஒரு தடவை என்கிட்ட சொல்லி இருக்கலாம்.

நான் இன்னா நெனச்சுகினு இருந்தேன் தெரியுமா? அப்பாவுக்கு நம்மளை வுட பாட்டில்தான் பெருசு, அதை வுடணும்னு அவரு ஒரு நாளும் நெனச்சதே இல்லன்னு. நானும் அவரு புள்ளைதானே, என்னாலயும் முடியாதுன்னு. குடிக்கறப்போ எல்லாம் இதைத்தான் சொல்லிக்குவேன். அவரு வுடத்தான் பாத்தாரு அக்கா. உன் கல்யாணத்துக்கு தெளிவா நிக்கணும்னு வுட்டாரு. வுடறப்போதான் செத்தாரு. பக்கத்துல ஒரு ஆள் இருந்திருந்தா பொழச்சிருப்பாரு.

எனக்கு ஆள் கீது. இங்க நர்ஸம்மா மணிக்கு ஒரு வாட்டி வந்து கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பாக்கறாங்க. டில்லிபாபு சார் நேத்து வாழைப்பழம் வாங்கினு வந்தாரு. வண்டி குடுப்பாங்களான்னு கேட்டேன். தெரியாதுன்னாரு. அதுவே எனக்கு போதும், பொய் சொல்லல.

மறுபடி குடிக்க மாட்டேன்னு உனக்கு சத்தியம் பண்ணல. சத்தியம் போதும் அக்கா. குடிச்சா மறைக்க மாட்டேன், இங்க வந்துடுவேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தண்டலத்துல வூட்டுக்காரங்களுக்கும் ஒரு கூட்டம் நடக்குது. ரஞ்சனி போவுது. நீ ஒரு வாரம் லீவு போட்டுட்டு வா. அப்பாவுக்கு நடந்ததை அங்க சொல்லு. அங்க யாரும் சாமி குத்தம்னு சொல்ல மாட்டாங்க. மாமாவையும் இட்டுகினு வா, அவருக்கும் தெரியட்டும்.

என்கிட்ட சொல்ல தைரியம் இல்லன்னு எழுதி இருந்த. எனக்கும் உன் மூஞ்சியைப் பாத்து கேக்க தைரியம் இல்ல. பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கலாம். நீ அவங்களைப் பாத்து சொல்லு, நான் கேட்டுக்கறேன்.

உன் தம்பி,
புருஷோத்தமன்